லோமே நகரத்தின் 1,500 வியாபாரிகள்: வழிகாட்டி கேட்கும் கேள்வியில் இருக்கிறது விஷயம்

மேற்கு ஆப்பிரிக்காவில், கானாவுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல இருக்கும் ஒடுங்கிய நாடு டோகோ. அதன் தலைநகர் லோமே. 2014 ஏப்ரலில் அந்த நகரத்தில் 1,000 சிறு வியாபாரிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 500 பேர் ஒரு வகைப் பயிற்சிக்குப் போனார்கள், 500 பேர் இன்னொரு வகைக்கு. மேலும் 500 பேருக்குப் பயிற்சியே கிடையாது. யார் எந்தக் குழுவில் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அதன் பிறகு இரண்டரை ஆண்டுகளில் நான்கு முறை 1,500 பேரையும் தேடிப் போய், விற்பனை எவ்வளவு, லாபம் எவ்வளவு, புதிதாக என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.

2017 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. வழக்கமான வணிகப் பயிற்சி பெற்றவர்களின் லாபம், பயிற்சியே பெறாதவர்களின் லாபத்தைவிட 11 சதவீதம் கூடுதலாக இருந்தது. அது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று ஒதுக்க வேண்டிய அளவுதான். இன்னொரு குழுவில் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. அதைத் தற்செயல் என்று தள்ள முடியாது.

இந்த ஆய்வை நான் பலருக்கும் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் அந்த 30 சதவீதம் மட்டும் இல்லை. இரண்டு குழுவுக்கும் வகுப்பு நேரம் ஒன்றே. வகுப்பு முடிந்த பிறகு பயிற்சியாளர் கடைக்கே நேரில் வந்து போனதும் இரண்டு குழுவுக்கும் ஒரே எண்ணிக்கைதான். அதாவது இரண்டு பக்கமும் வழிகாட்டி இருந்தார். மாறியது, அந்த வழிகாட்டி எதைச் சொல்லிக்கொடுத்தார், எதைக் கேட்டார் என்பது மட்டும்தான். தொழில் தொடங்குபவர்களுக்கு மென்டர் வேண்டும், கோச் வேண்டும் என்ற பேச்சு எல்லா ஊரிலும் கேட்கிறது. ஆள் கிடைத்தால் போதும் என்ற நினைப்பும் கூடவே இருக்கிறது. அந்த நினைப்பை லோமே கேள்விக்குள்ளாக்குகிறது.

லோமேயின் சந்தை

வியாபாரம் என்றால் என்ன என்று லோமேக்கு வெளியிலிருந்து யாரும் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. துறைமுக நகரம். 1960, 70களில் இங்கே துணி மொத்த வியாபாரம் செய்த பெண்களை ‘நானா பென்ஸ்’ என்று அழைத்தார்கள். அவர்கள் ஓட்டிய மெர்சிடிஸ் பென்ஸ் கார்களால் வந்த பெயர் அது. ஹாலந்தில் அச்சிட்ட மெழுகு அச்சுத் துணியை வாங்கி, பக்கத்து நாடுகள் வரை அனுப்பினார்கள். அவர்களுடைய பலம் எங்கே இருந்தது என்று பார்த்தால், குறிப்பிட்ட டிசைன் துணியை விற்கும் உரிமை குறிப்பிட்ட வியாபாரிக்கு மட்டும் என்ற ஏற்பாட்டில் இருந்தது. என்னிடம் இருக்கும் துணி பக்கத்துக் கடையில் கிடைக்காது. வாடிக்கையாளர் என்னிடம்தான் வந்தாக வேண்டும்.

1994 ஜனவரியில் டோகோவின் நாணயமான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து வரும் துணியின் விலை ஏறியது. பின்னால் சீனாவில் அச்சிட்ட மலிவுத் துணிகள் சந்தையை நிரப்பின. நானா பென்ஸ் காலம் மங்கிப்போனது.

இந்தப் பழைய கதை ஆய்வின் பகுதி இல்லை, நான் சேர்த்துக்கொண்டது. ஆனால் 2014இல் பயிற்சிக்கு வந்தவர்களின் நிலைமையைப் புரிந்துகொள்ள இது உதவும். பதிவு செய்யாத சிறு தொழில்கள் நிறைந்த எந்த நகரத்திலும் ஒரே தெருவில் பத்துத் தையல் கடை இருக்கும், பத்துச் சிற்றுண்டிக் கடை இருக்கும். எல்லோரிடமும் ஒரே சரக்கு, ஏறக்குறைய ஒரே விலை. அப்படிப்பட்ட இடத்தில் விலையைக் குறைத்தோ கடன் கொடுத்தோதான் போட்டி போட முடியும். இரண்டுமே லாபத்தைத் தின்றுவிடும். வித்தியாசமாக ஏதாவது இருந்தால்தான் மூச்சு விட முடியும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர்கள் விவசாயம் அல்லாத தொழில் செய்பவர்கள், 50 பேருக்கும் குறைவான ஆட்கள் வைத்திருப்பவர்கள், குறைந்தது ஓராண்டாவது தொழில் நடத்தியிருப்பவர்கள், அரசாங்கத்தில் நிறுவனமாகப் பதிவு செய்யாதவர்கள். பாதிக்கு மேல் பெண்கள். இவர்களை ஸ்டார்ட்அப் நிறுவனர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இருந்தாலும் எனக்கு அந்தக் கோடு முக்கியமாகப் படவில்லை. தனியாளாக முடிவெடுக்கிறார், கைக்காசைப் போட்டிருக்கிறார், அடுத்த மாதம் என்ன ஆகும் என்று தெரியாது. செயலி உருவாக்குபவரும் சோப்பு காய்ச்சி விற்பவரும் இந்த மூன்றிலும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

இரண்டு வகுப்புகள்

முதல் குழுவுக்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சி உருவாக்கிய ‘பிசினஸ் எட்ஜ்’ பாடத்திட்டம். கணக்கு எழுதுவது, பண நிர்வாகம், சந்தைப்படுத்தல், ஆட்களை நடத்துவது, தொழிலைப் பதிவு செய்வது. உலகம் முழுக்கப் பயன்பட்ட பாடம். மோசமான பாடம் என்று சொல்ல முடியாது, நன்றாகவே தயாரிக்கப்பட்டது.

இரண்டாவது குழுவுக்கு உளவியலாளர்கள் அமைத்த பாடம். ‘தன்முனைப்புப் பயிற்சி’ (personal initiative training) என்று அதற்குப் பெயர். அதில் மையமாக இருந்தது மூன்று பழக்கங்கள். யாரும் சொல்லாமலே தானாக ஆரம்பிப்பது. இன்றைய கல்லாவைத் தாண்டி, இன்னும் ஓராண்டு, ஈராண்டில் வரப்போவதை யோசிப்பது. தடை வந்தால் நின்றுவிடாமல் வேறு வழி தேடுவது. இந்த மூன்றையும் தொழிலின் அன்றாட வேலைகளோடு கோத்தார்கள்: புது வாய்ப்பைத் தேடுவது, பக்கத்துக் கடையிலிருந்து எப்படி மாறுபடுவது என்று யோசிப்பது, இலக்கு வைப்பது, திட்டம் போடுவது, போட்ட திட்டம் சரியாகப் போகிறதா என்று இடையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது, ஒரு வழி அடைத்தால் மாற்று வழியை முன்கூட்டியே வைத்திருப்பது.

இரண்டுமே 36 மணி நேரம். நான்கு வாரம், வாரத்துக்கு மூன்று அரை நாள். கடையை முழு நாள் பூட்ட முடியாதவர்களுக்கு இந்த அரை நாள் ஏற்பாடு முக்கியம். அதன் பிறகு நான்கு மாதங்களுக்கு, மாதம் ஒரு முறை பயிற்சியாளர் கடைக்கே வந்து சுமார் மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்.

இரண்டாவது வகுப்பைப் பார்க்காமல் பெயரை மட்டும் கேட்டால், மேடைப் பேச்சாளர் வந்து ‘உன்னால் முடியும்’ என்று உற்சாகப்படுத்தும் வகுப்பு என்று தோன்றும். அதற்கும் இதற்கும் வெகு தூரம். இங்கே ஒவ்வொரு பாடமும் ஒரு சுருக்கமான நடைமுறை விதியில் தொடங்கும். அந்த விதிப்படி நடந்த ஒரு வியாபாரியின் கதை, நடக்காத ஒருவரின் கதை என்று இரண்டையும் வைத்து அலசுவார்கள். பிறகு அதைத் தன் சொந்தத் தொழிலில் எப்படிச் செய்வது என்று ஒவ்வொருவரும் அங்கேயே உட்கார்ந்து எழுத வேண்டும். வேறு யாருடைய தொழிலையும் வைத்துப் பயிற்சி இல்லை. தன் கடை, தன் சரக்கு, தன் வாடிக்கையாளர்.

டிரெஸ்டனிலிருந்து வந்த யோசனை

இந்தப் பாடத்தின் மூலகர்த்தா மைக்கேல் ஃபிரேஸா என்ற ஜெர்மானிய உளவியலாளர். 1990இல் ஜெர்மனி ஒன்றான பிறகு அவரும் உடன் ஆய்வாளர்களும் கிழக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துத் தொழிலாளர்களைப் பேட்டி கண்டார்கள். மேற்கு ஜெர்மனியில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், வேலையில் தானாக முன்வந்து எதையாவது செய்யும் வழக்கம் கிழக்கில் குறைவாக இருந்தது. அது ரத்தத்திலேயே உள்ள குணமா? அவர்கள் கண்டது வேறு. எந்த வேலையில் ஒருவர் தானாக முடிவெடுக்க இடம் குறைவோ, அங்கே தானாக முன்வருவதும் குறைந்துபோகிறது. முடிவெடுக்கும் இடத்தைக் கூட்டினால் அந்தப் பழக்கமும் கூடுகிறது. கூடவும் குறையவும் செய்கிற ஒன்று என்றால் அதைப் பயிற்றவும் முடியும் என்ற நம்பிக்கை அங்கிருந்துதான் பிறந்தது. லோமேக்கு முன்பே உகாண்டாவின் கம்பாலாவில் சிறு தொழில் நடத்துபவர்களை வைத்து ஒரு சிறிய சோதனையும் நடந்து, நல்ல பலன் தெரிந்தது.

இந்த இடத்தில் நம் பக்கத்து ஊர் ஒன்றை நினைவுபடுத்தாமல் போக மனம் வரவில்லை. 1964இல் ஆந்திராவின் காக்கிநாடாவில் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தோடு சேர்ந்து உள்ளூர் வியாபாரிகளுக்குச் சாதனை ஊக்கப் பயிற்சி நடத்தினார். கணக்கையும் சட்டத்தையும் விட்டுவிட்டு வியாபாரியின் மனப்போக்கில் கை வைக்கலாமா என்ற கேள்வி, இந்திய மண்ணில் அப்போதே கேட்கப்பட்டுவிட்டது. லோமே அதே கேள்வியை 1,500 பேரை வைத்து, குலுக்கல் முறையில், இரண்டரை ஆண்டு கணக்கெடுத்துக் கேட்டது.

கடைக்கு வந்து உட்காரும் அந்த மூன்று மணி நேரம்

இந்த ஆய்வைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் வகுப்பைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்த மாதாந்திர வருகைதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது. வகுப்பில் எல்லோரும் உற்சாகமாக எழுதுவார்கள். திரும்பி வந்து கடையைத் திறந்ததும் முதல் வாடிக்கையாளர் வருவார், மின்சாரம் போகும், வேலைக்கு வரும் பையன் லீவு போடுவான். எழுதிய தாள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். ஒரு மாதம் கழித்து ஒருவர் வந்து, அந்தத் தாளை எடுங்கள் என்று கேட்பார் என்று தெரிந்தால் அது இழுப்பறையில் தூங்காது.

இரண்டு வகைப் பயிற்சியாளரும் ஒரே தையல் கடைக்குப் போவதாகக் கற்பனை செய்து பார்க்கலாம். கணக்குப் பாடம் நடத்தியவர் வந்தால் நோட்டை எடுக்கச் சொல்வார். வரவு செலவு எழுதியிருக்கிறதா, வீட்டுச் செலவும் கடைச் செலவும் பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார். விடுபட்டதைத் திருத்துவார். கடைக்காரருக்கு அது பரீட்சை மாதிரி. நோட்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆனால் நோட்டு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அதே பள்ளிச் சீருடையை அதே விலைக்குத் தைக்கும் பக்கத்துக் கடைக்காரரோடு இருக்கும் போட்டி அப்படியேதான் இருக்கிறது.

மற்றவர் வந்தால் கேட்பது வேறு. இந்தத் தெருவில் யாரும் தைத்துத் தராதது எது? போன மாதம் திரும்பிப் போன வாடிக்கையாளர் என்ன கேட்டார்? அதைச் செய்துபார்க்க முதல் படி என்ன, எந்த நாளில்? செய்தீர்களா? செய்யவில்லை என்றால் எது தடுத்தது? அந்தத் தடையைச் சுற்றிப் போக இன்னொரு வழி இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு வழிகாட்டியிடம் விடை கிடையாது. தையல் தெரியாதவராகக்கூட அவர் இருக்கலாம். விடை கடைக்காரரிடம்தான் இருக்கிறது, அதைச் சோதித்துப் பார்க்கும் சந்தையும் அவர் வாசலிலேயே இருக்கிறது. வழிகாட்டி செய்வதெல்லாம், அடுத்த முறை வரும்போது அவர் புதிதாக ஒன்றையாவது செய்துபார்த்திருக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது.

வருகையால் மட்டும் பலன் வந்திருந்தால் இரண்டு குழுவும் ஒரே மாதிரி வளர்ந்திருக்க வேண்டும். வளரவில்லை. அதே சமயம், வருகை இல்லாமல் வெறும் 36 மணி நேர வகுப்பே 30 சதவீதத்தைக் கொடுத்திருக்குமா என்பதை இந்த ஆய்வின் அமைப்பை வைத்துச் சொல்ல முடியாது. வகுப்பும் வருகையும் ஒரே பொட்டலமாகத் தரப்பட்டன. ஆகவே செலவைக் குறைக்க வருகையை வெட்டிவிட்டு வகுப்பை மட்டும் நடத்துகிற யாரும் லோமேயைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

என்ன மாறியது

கணக்கு எழுதுவது போன்ற நல்ல நடைமுறைகள் இரண்டு குழுவிலுமே முன்னேறின. கணக்குப் பாடம் எடுக்காத குழுவிலும்தான். தொழிலை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் வந்தவருக்குக் கணக்கின் தேவை தானாகவே புரிந்துவிடுகிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

பெரிய வித்தியாசம் புதுமையில் தெரிந்தது. இரண்டாவது குழுவினர் புதிய பொருள்களையும் சேவைகளையும் அதிகமாகக் கொண்டுவந்தார்கள். அடுத்த கடையைப் பார்த்துச் செய்ததைவிடத் தன் யோசனையில் செய்தது கூடியிருந்தது. கடன் வாங்கித் தொழிலில் போட்டது கூடியது, முதலீடு கூடியது. விற்பனை 17 சதவீதம் உயர்ந்தது. விற்பனை 17, லாபம் 30 என்றால், விலையைக் குறைத்து விற்றுத் தள்ளியதால் வந்த வளர்ச்சி இது இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விற்ற ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாகக் கையில் நின்றிருக்கிறது.

பெண்களின் கணக்கு இன்னும் பளிச்சென்று இருக்கிறது. இரண்டாவது பயிற்சிக்குப் போன பெண்களின் லாபம் சுமார் 40 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சிக்குப் போன பெண்களுக்கு வெறும் 5 சதவீதம். பெண் தொழில்முனைவோருக்கு என்று நடத்தப்படும் திட்டங்களில் கணக்குப் பாடமும் ஒரு சிறு கடனும்தான் வழக்கமான சேர்மானம். அந்தச் சேர்மானத்தை நம்பிக் காலத்தையும் பணத்தையும் செலவழிப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செலவு? ஒருவருக்கு ஏறக்குறைய 750 டாலர். இது சின்னத் தொகை இல்லை. ஆனால் மாதா மாதம் கூடிய லாபத்தை வைத்துப் பார்த்தால் சுமார் ஓராண்டில் அந்தச் செலவு திரும்பிவிடுகிறது.

வழக்கமான பயிற்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். பல நாடுகளில் நடந்த வணிகப் பயிற்சி ஆய்வுகளை உலக வங்கிப் பொருளாதார நிபுணர் டேவிட் மெக்கென்சி 2021இல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார். சராசரியாக விற்பனை 5 சதவீதமும் லாபம் 10 சதவீதமும் கூடுவதாகத் தெரிந்தது. லோமேயின் 11 சதவீதம் அந்தச் சராசரிக்கு மிக அருகில் நிற்கிறது. தனி ஆய்வு ஒன்றில் இவ்வளவு சின்ன மாற்றத்தை உறுதியாகப் பிடிக்க முடியாததால் ‘பயிற்சி பயன்படாது’ என்று பலரும் அவசரப்பட்டு முடிவு கட்டினார்கள். கணக்குப் பாடம் கொஞ்சம் உதவுகிறது. அந்தக் கொஞ்சத்தோடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

அக்ராவின் தையல்காரர்களும் டண்டோராவின் அக்காக்களும்

லோமேயிலிருந்து கடற்கரையோடு மேற்கே போனால் கானாவின் தலைநகர் அக்ரா. அங்கே 160 தையல் கலைஞர்களை வைத்து டீன் கார்லன், ரையன் நைட், கிறிஸ்டோபர் உட்ரி ஆகிய மூவர் ஒரு சோதனை செய்தார்கள். சிலருக்குப் பணம், சிலருக்கு ஆலோசனை, சிலருக்கு இரண்டும். ஆலோசனை சொன்னவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை, எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் ஆலோசகர்கள். தையல்காரர்களும் சொன்னதைக் கேட்டார்கள், கொஞ்ச காலம் செய்தும் பார்த்தார்கள். லாபம் கூடவில்லை. பிறகு பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது தையல்காரர்களைக் குறை சொல்லத் தோன்றலாம். எனக்கு அவர்கள் செய்தது சரியாகவே படுகிறது. செய்துபார்த்தார்கள், பலன் இல்லை, விட்டுவிட்டார்கள். பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்துகிற நடைமுறையைச் சின்னக் கடையில் ஏற்றிவைத்தால் அது கடைக்காரருக்குக் கூடுதல் வேலை, அவ்வளவுதான்.

கென்யாவில் வேறு விதமாகச் செய்தார்கள். நைரோபி நகரத்தின் பெரிய குப்பைக் கிடங்கை ஒட்டிய பகுதி டண்டோரா. அங்கே தொழில் ஆரம்பித்து ஐந்தாண்டு ஆகாத இளம் பெண்களை வாய்ட் புரூக்ஸ், கெவின் டோனவன், டெரன்ஸ் ஜான்சன் ஆகியோர் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வணிக வகுப்பு. ஒரு பிரிவுக்கு, அதே பகுதியில் பல ஆண்டுகளாக நல்ல லாபத்தில் கடை நடத்தும் மூத்த பெண் ஒருவர் துணை. பாடத்திட்டம் எதுவும் கிடையாது, சந்தித்துப் பேசினால் போதும். மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை.

வகுப்புக்குப் போனவர்களின் லாபம் கூடவில்லை. மூத்த பெண்ணோடு பேசியவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. எப்படி என்று தோண்டிப் பார்த்தால் விஷயம் மிகச் சாதாரணமானது: சரக்கை எங்கே மலிவாக வாங்கலாம் என்று அந்த அக்காவுக்குத் தெரியும். எந்த மொத்த வியாபாரியிடம் போவது, எந்தச் சரக்குக்கு வேறு ஆள் இருக்கிறார் என்ற தகவல் எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. இருந்தாலும் அடுத்த மாதமே பழசாகிவிடும்.

அதனால்தானோ என்னவோ, டண்டோராவில் அந்தப் பலன் நிலைக்கவில்லை. மூத்தவரோடு தொடர்பு விட்டுப்போனதும் லாபமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கு வந்தது. லோமேயில் கடைசி வருகை முடிந்து ஈராண்டு ஆன பிறகும் வித்தியாசம் தெரிந்தது. ஒரு இடத்தில் தகவல் கைமாறியது, இன்னொரு இடத்தில் தகவலைத் தானே தேடிக்கொள்ளும் பழக்கம் கைமாறியது என்று நான் இதை வாசிக்கிறேன். ஆனால் டண்டோரா வழிகாட்டலுக்கு ஆன செலவு லோமேயோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அதைத் தாழ்வாகப் பேச எனக்கு மனமில்லை.

நிஜமான ஸ்டார்ட்அப்களிலும் இதே போக்கு தெரிந்திருக்கிறது. இத்தாலியின் மிலான் நகரத்தில் ஆரம்ப நிலையில் இருந்த 116 ஸ்டார்ட்அப் குழுக்களுக்கு ஒரே மாதிரி வகுப்பும் தனிப்பட்ட வழிகாட்டலும் தரப்பட்டன. வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுவது, முதல் மாதிரிப் பொருளை எப்படிச் செய்வது என்ற பாடங்கள் எல்லோருக்கும் பொது. ஒரு பாதிக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: உங்கள் ஊகம் என்ன என்று முதலில் எழுதுங்கள், எது நடந்தால் அது தப்பு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று முன்பே தீர்மானியுங்கள், பிறகு சோதியுங்கள். அந்தப் பாதியினருக்கு வருமானமும் கூடியது, சரிவராத யோசனையை விட்டுவிட்டு வேறு திசைக்குத் திரும்பியதும் கூடியது. இங்கேயும் நேரம் ஒன்று, வழிகாட்டல் ஒன்று, கேள்வி மட்டும் வேறு.

எங்கே பலிக்கவில்லை

ஜமைக்காவில் 945 தொழில்முனைவோரை வைத்து இதே வழிப் பயிற்சியைச் சோதித்தார்கள். அந்த ஆய்வில் ஃபிரேஸாவும் இருந்தார். மூன்று மாதத்தில் ஆண்களிடம் நல்ல மாற்றம் தெரிந்தது, பெண்களிடம் தெரியவில்லை. ஓராண்டில் ஆண்களிடம் தெரிந்ததும் மறைந்துவிட்டது. லோமேயில் பெண்களுக்குத்தான் பெரும் பலன் என்று பார்த்தோம். ஜமைக்காவில் தலைகீழ். ஆகவே பாடத்திட்டத்தை மட்டும் விமானத்தில் ஏற்றி அனுப்பினால் 30 சதவீதமும் கூடவே போய் இறங்கும் என்று நினைக்கக் கூடாது. யார் சொல்லித்தருகிறார், எந்த அளவுக்கு அந்த ஊர்ச் சந்தையை அறிந்தவர், வகுப்புக்குப் பிறகு யார் கடை வாசலுக்கு வருகிறார் என்பதெல்லாம் சேர்ந்தே பலனைத் தீர்மானிக்கின்றன.

லாபக் கணக்கு எல்லாம் வியாபாரிகள் தாமே சொன்னது என்பதையும் மறக்கக் கூடாது. நோட்டு வைக்காதவர்களிடம் வேறு வழியும் கிடையாது. நான்கு முறை, வேறு வேறு காலத்தில் கேட்டதால் இந்தக் குறை ஓரளவு சமனாகிறது. இன்னொன்று, லோமேயில் வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஓராண்டு தாக்குப்பிடித்தவர்கள். கையில் வெறும் யோசனையோடு, இன்னும் ஒரு ரூபாய்கூட விற்காமல் நிற்பவருக்கு இதே அளவு பலன் கிடைக்கும் என்று இந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. அவர்களுக்கு மிலானின் வழிதான் நெருக்கம்.

நடத்துகிறவர்களுக்கு

தொழில் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டல் திட்டம் ஒன்றை வடிவமைக்கும் பொறுப்பு என் கையில் இருந்தால், பணத்தில் பெரும் பங்கை வகுப்பறையிலிருந்து எடுத்துக் கடை வாசலுக்கு மாற்றுவேன். சிறப்பு விருந்தினர் உரைகளை விட்டுவிடுவேன். வழிகாட்டியாக வருபவருக்கு முதலில் பயிற்சி கொடுப்பேன், முக்கியமாக ஒரு விஷயத்தில்: தனக்கு விடை தெரிந்தாலும் சொல்லாமல் பொறுத்திருந்து, தொழில் செய்பவரையே சொல்ல வைப்பது. அனுபவசாலிகளுக்கு இது மிகக் கடினம். தன் தொழிலில் ஜெயித்தவர் வாயைத் திறந்தால் தன் கதைதான் வரும். கேட்பவரும் தலையாட்டிவிட்டு, எதையும் செய்யாமல் வீட்டுக்குப் போவார்.

டண்டோரா அக்காக்களையும் விட மாட்டேன். சரக்கு எங்கே மலிவு, எந்த மொத்த வியாபாரி ஏமாற்றாதவர், எந்த மாதத்தில் விற்பனை படுக்கும் என்பதைச் சொல்ல அதே தெருவில் அதே தொழில் செய்யும் மூத்தவரைவிட நல்ல ஆள் கிடையாது. அந்தச் சந்திப்பு சில வாரத்தில் முடிந்துவிடாமல் இருக்க, அவர் ஒதுக்கும் நேரத்துக்கு ஏதாவது ஒரு தொகையை ஓராண்டுக்காவது ஒதுக்கிவைக்க வேண்டும். கணக்குப் பாடத்தை முதல் வாரத்திலிருந்து எடுத்துப் பின்னால் வைப்பேன். புதிதாக ஒன்றைச் செய்துபார்த்து, அதில் லாபம் வந்ததா இல்லையா என்று தெரியாமல் ஒருவர் திண்டாடும் நேரத்தில் அவர் முன்னால் நோட்டை வைத்தால் அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிடுவார்.

அப்புறம், யாருக்கு எவ்வளவு பலன் என்று அளந்துபார்க்க ஆரம்பத்திலேயே ஏற்பாடு வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை சான்றிதழ் கொடுத்தோம் என்ற கணக்கு போதாது. இடம் குறைவு, விண்ணப்பம் அதிகம் என்றால் யாரைச் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்யலாம். நியாயமாகவும் இருக்கும், இடம் கிடைக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி இருக்கும். லோமேயில் செய்ததும் அதுதான். ஆறு மாதம் கழித்து ஒரு முறை, ஈராண்டு கழித்து ஒரு முறை, இரண்டு தரப்பிடமும் லாபத்தைக் கேட்டால் திட்டத்தைத் தொடர்வதா, மாற்றுவதா என்று முடிவெடுக்க அந்த எண்களே போதும்.